வினைக்கலத்தில் திரவத்தை வடிப்பது: தானியங்கிப் பெப்டைடுத் தொகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்டைடு என்னும் அமினோ அமிலச் சங்கிலியைத் தொகுக்கும் இயந்திரத்தின் அருகில் புதிதாக வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது வினைப்பொருள்களைப் பற்றித்தான். எந்த இணைப்பான் நல்லது, எத்தனை மடங்கு அமினோ அமிலம் போட வேண்டும், சூடாக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். கலத்திலிருந்து திரவம் எப்படி வெளியே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் இந்த இயந்திரங்களோடு வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: கெட்டுப்போன தொகுப்புகளில் பெரும்பாலானவற்றை நான் வினைப்பொருளில் தேடினேன், விடையை வடிகுழாயில் கண்டேன். அதனால்தான் இந்தக் கேள்விகளைத் தனியாகத் தொகுத்திருக்கிறேன்.

வெறும் வடிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இந்த முறையின் அடிப்படையே வடிப்புதான். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் புரூஸ் மெரிஃபீல்டு இதைக் கண்டுபிடிப்பதற்கு முன், ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சேர்த்த பிறகும் விளைபொருளைத் தனியே பிரித்து, படிகமாக்கி, தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கைநழுவிப் போகும். மெரிஃபீல்டு செய்தது இதுதான்: முதல் அமினோ அமிலத்தைக் கரையாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் நுண்மணியில் கட்டிப்போட்டார். வளரும் சங்கிலி மணியோடு கலத்திலேயே இருக்கும். வேண்டாதவை எல்லாம் திரவத்தில் இருக்கும். அந்தத் திரவத்தை வடித்துவிட்டால் தூய்மைப்படுத்தும் வேலை முடிந்துவிடும்.

1963-ல் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடை இப்படிச் செய்து காட்டினார். 1969-ல் அவரும் பெர்ண்ட் குட்டேயும் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியையே இயந்திரத்தில் தொகுத்தார்கள். அதில் வேதிவினைகள் 369. இயந்திரம் செய்த படிகள் 11,931. ஒரு வினைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் வருகின்றன. ஊற்றுவது, குலுக்குவது, வடிப்பது, மறுபடி ஊற்றுவது என்றே பெரும்பகுதி போயிருக்கும். 1984-ல் மெரிஃபீல்டுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சோறு வெந்ததும் கஞ்சியை வடிக்கிற அதே எளிய செயலை வேதியியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் என்றே அவரை நினைக்கிறேன்.

ஒரு சுற்றுக்கு எத்தனை முறை வடிக்க வேண்டும்?

இன்று பரவலாக இருக்கும் எஃப்மாக் முறையில், ஒவ்வொரு அமினோ அமிலத்தின் ஒரு முனையையும் எஃப்மாக் என்ற காப்புத் தொகுதி மூடியிருக்கும். டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானில் 20 சதவீதம் பிப்பெரிடின் என்ற காரத்தை ஊற்றி அந்தக் காப்பை நீக்குவோம். பெரும்பாலும் இரண்டு முறை. பிறகு நான்கைந்து கழுவல். அடுத்து அமினோ அமிலத்தை இணைப்பது, மறுபடி இரண்டு மூன்று கழுவல். எல்லாம் சேர்த்துப் பத்து வடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது அமினோ அமிலங்களுக்கு ஏறக்குறைய முந்நூறு.

கொஞ்சம் தங்கிவிட்டால்தான் என்ன?

தங்குவது எந்தத் திரவம் என்பதைப் பொறுத்தது. பிப்பெரிடின் தங்கினால் இரண்டு வகையில் கெடுதல். அடுத்து வரும் அமினோ அமிலத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். சங்கிலிக்குக் கிடைக்க வேண்டியது குறையும். இன்னொன்று, உள்ளே வரும் அமினோ அமிலத்தின் எஃப்மாக் காப்பையும் அது கழற்றிவிடும். காப்பு இழந்த இடத்தில் மேலும் ஒன்று வந்து ஒட்டும். ஒன்று சேர வேண்டிய இடத்தில் இரண்டு சேரும்.

முப்பது அமினோ அமிலங்களை இணைக்க 29 பிணைப்புகள் வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் நிறைவேறினால் கடைசியில் சரியான சங்கிலி சுமார் 75 சதவீதம் கிடைக்கும். 98 சதவீதமாகக் குறைந்தால் 56-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு சதவீத வேறுபாட்டுக்கு இவ்வளவு விலை. அந்த ஒரு சதவீதத்தைத் தின்பதற்குச் சரியாக வடியாத கலம் ஒன்று போதும்.

ஒரே தடவையில் நிறைய ஊற்றிக் கழுவிவிடலாமே?

கூடாது. கணக்கைப் பாருங்கள். வடித்த பிறகும் ரெசின் படுகையில், அதாவது மணிகளின் குவியலில், 3 மி.லி. திரவம் தங்குகிறது என்று கொள்வோம். 35 மி.லி. கரைப்பானை ஒரேயடியாக ஊற்றிக் கலக்கி வடித்தால், பழைய வினைப்பொருளில் 38-க்கு 3 பங்கு, அதாவது பத்தாயிரத்தில் 790 பங்கு, உள்ளேயே நிற்கும். அதே 35 மி.லி.யை ஏழு ஏழாக ஐந்து முறை ஊற்றி வடித்தால், ஒவ்வொரு முறையும் பத்துக்கு மூன்று பங்கு மட்டுமே மிஞ்சும். ஐந்து முறைக்குப் பின் மிஞ்சுவது பத்தாயிரத்தில் 24 பங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கழுவும் எண்ணிக்கையைக் கூட்டாமல், வடிப்பை மட்டும் சீராக்கி 3 மி.லி.க்குப் பதில் 2 மி.லி. தங்கும்படி செய்தால், அதே ஐந்து கழுவலில் மிச்சம் பத்தாயிரத்தில் 5 பங்காகக் குறைகிறது. கரைப்பான் ஒரு சொட்டும் கூடவில்லை. ஆகவே கழுவல் போதவில்லை என்று தோன்றினால், இன்னொரு கழுவலைச் சேர்ப்பதற்கு முன் வடிப்பைச் சரிபாருங்கள்.

அந்த 3 மி.லி. எங்கே ஒளிந்திருக்கிறது?

முக்கியமாக மூன்று இடங்களில்.

முதலாவது, மணிக்குள்ளேயே. நாம் பயன்படுத்தும் பாலிஸ்டைரீன் மணி, ஒரு சதவீதம் டைவினைல்பென்சீனால் குறுக்கே கட்டப்பட்ட வலை. டி.எம்.எஃப்.பிலும் டைகுளோரோமீத்தேனிலும் ஊறி, உலர்ந்த அளவைப் போல் பல மடங்கு பருக்கும். வினை நடப்பதும் அந்த வலைக்குள்தான். எவ்வளவு உறிஞ்சினாலும் இந்தத் திரவம் வெளியே வராது. புதுக் கரைப்பானுக்குள் தானாக ஊடுருவித்தான் வெளியேற வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஊற்றிய உடனே வடித்துவிட்டு ‘ஐந்து கழுவல் ஆயிற்று’ என்று கணக்கு எழுதுவதில் பயன் இல்லை. ஒவ்வொரு கழுவலுக்கும் அரை நிமிடமாவது கலக்க விடுங்கள்.

இரண்டாவது, மணிகளின் இடுக்குகளில். காற்றழுத்தமோ உறிஞ்சலோ இதைத்தான் வெளியே தள்ளுகிறது.

மூன்றாவது, ஃபிரிட்டுக்குக் கீழே. ஃபிரிட் என்பது கலத்தின் அடியில் இருக்கும் நுண்துளைத் தட்டு. கண்ணாடித் துகளையோ பாலிபுரொப்பிலீன் துகளையோ உருக்கி ஒட்டியது. மணியை நிறுத்தித் திரவத்தை விடும். அந்தத் தட்டுக்கும் அடுத்த வால்வுக்கும் இடையே உள்ள சிறு குழாயில் பழைய திரவம் நிற்கும். கலக்குவதற்காகக் கீழிருந்து நைட்ரஜன் குமிழி விடும் இயந்திரங்களில், அந்தக் குமிழி குழாயில் நின்ற பிப்பெரிடினையும் தூக்கி மேலே கலத்துக்குள் கொண்டுபோய்விடும். வடித்து முடித்த பின்னும் சில விநாடிகள் நைட்ரஜனைக் கீழ்நோக்கி ஓடவிட்டுக் குழாயைக் காலி செய்வது இதற்காகத்தான்.

கீழிருந்து உறிஞ்சுவதா, மேலிருந்து நைட்ரஜனால் அழுத்துவதா?

ஒற்றைக் கலம் என்றால் நான் நைட்ரஜன் பக்கம்தான். உறிஞ்சலின் இழுவிசைக்கு எல்லை உண்டு. எவ்வளவு நல்ல பம்பானாலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அதனால் இழுக்க முடியாது. மேலிருந்து தள்ளுவதற்கு அந்த எல்லை இல்லை. கலமும் இணைப்புகளும் தாங்குகிற வரை அழுத்தலாம்.

டைகுளோரோமீத்தேன் பயன்படுத்தும்போது உறிஞ்சலில் இன்னொரு தொல்லை. அது 40 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. 20 டிகிரியிலேயே அதன் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. வெற்றிடத்தைக் கூட்டினால் ஃபிரிட்டின் அடியிலேயே கொதிக்கத் தொடங்கும். குழாயில் திரவமும் குமிழியுமாகத் திக்கித் திக்கி ஓடும். ஆவியாகும்போது கலம் சில்லிட்டுப் போகும். மேற்புறம் திறந்திருந்தால் உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படியும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் கலத்தின் வெளிச்சுவரில் பனித்துளி கோத்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளேயும் அதுவே நடந்தால் அடுத்த இணைப்பு பாழ்.

நைட்ரஜனிலும் அளவு தெரிந்து நடக்க வேண்டும். திடீரென்று பலமாக அழுத்தினால் வாயு படுகையின் நடுவே ஒரு வழியைத் துளைத்துக்கொண்டு போய்விடும். வழி கிடைத்த பிறகு வாயு முழுவதும் அதிலேயே ஓடும். சுற்றியுள்ள படுகை நனைந்தபடியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழாயில் காற்று வருவதால் கலம் காலியானதுபோல் தோன்றும். மெதுவாகத் தொடங்கி, திரவ மட்டம் படுகையைத் தொட்ட பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். நடுவில் ஒருமுறை கலத்தைக் குலுக்கிப் படுகையைச் சமப்படுத்தி மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வெளியே வரும்.

96 குழித் தட்டில் சில குழிகள் மட்டும் வடியாமல் நிற்பது ஏன்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு வேதனை இருக்கிறது என்பதை நான் அறிவேன்.

ஒவ்வொரு குழியும் ஒரு சிறு வினைக்கலம். தட்டின் அடியில் எல்லாக் குழிகளுக்கும் பொதுவாக ஒரு வெற்றிட அறை இருக்கிறது. ரெசின் கொஞ்சம் குறைவாக உள்ள குழியோ, ஃபிரிட் கொஞ்சம் தளர்வான குழியோ முதலில் காலியாகும். அந்த நொடியிலிருந்து வெளிக்காற்று அதன் வழியே தடையின்றி உள்ளே பாயும். அறையின் வெற்றிடம் சரியும். பத்துக் குழிகள் காலியானால் மீதி எண்பத்தாறுக்கும் இழுவிசை போதாது. பிந்திய குழிகள் பிந்தியபடியே நின்றுவிடும்.

ஒருமுறை இரவு முழுவதும் ஓடவிட்ட தட்டைக் காலையில் டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தேன். நடுவில் உள்ள குழிகளில் ரெசின் மங்கலாக, ஈரமணல் போல் படிந்திருந்தது. ஓரத்தில் ஏழு குழிகள் மட்டும் கண்ணாடி போல் பளபளத்தன. விளக்கைச் சாய்த்ததும் தெரிந்தது, அவை விளிம்பு வரை நிறைந்திருந்தன. முந்தைய சுற்றில் வடியாத குழியில் இயந்திரம் தன் கணக்குப்படி அடுத்த அளவை ஊற்றியிருக்கிறது, அதற்கடுத்ததையும் ஊற்றியிருக்கிறது. ஒரு குழி வழிந்து பக்கத்துக் குழியில் இறங்கிய தடம் தட்டின் மேற்பரப்பில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. இயந்திரத்தின் பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை. எல்லா வால்வுகளும் குறித்த நேரத்தில் திறந்து மூடியிருந்தன.

சரிசெய்ய வழிகள் உண்டு. எல்லாக் குழிகளிலும் ரெசினை ஒரே அளவில் நிரப்புவது முதல் வேலை. எடை போட்டு நிரப்புவதைவிட, ரெசினை அதே அடர்த்தியுள்ள கரைப்பான் கலவையில் மிதக்கவிட்டுக் குழம்பாகப் பகிர்ந்தால் சீராக இருக்கும். ஒவ்வொரு குழியின் வாயிலும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய துளை வைத்த தட்டுகளில், ஒரு குழி காலியானாலும் காற்று வெள்ளமாகப் பாயாது. மூடியிட்டு மேலிருந்து நைட்ரஜனால் அழுத்தும் அமைப்பும் உதவும். ஆனால் காலியான குழி வழியே வாயு தப்பும் சிக்கல் அங்கேயும் உண்டு, வாயுவின் அளவைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். கடைசியாக, அடிவாய்களில் தொங்கும் துளிகள். அவை பக்கத்து வாயோடு சேர்ந்து படரும். வடிப்பின் முடிவில் குறுகிய, பலமான ஓர் அழுத்தத் துடிப்பு கொடுத்தால் அவை உதிர்ந்துவிடும்.

மையவிலக்கு முறையில் ஃபிரிட்டே வேண்டாம் என்கிறார்களே, எப்படி?

சாய்த்த தட்டு முறையைச் சொல்கிறீர்கள். சுழல்வட்டின் ஓரத்தில் குழித்தட்டை, வாய் மேல்நோக்கியபடி, மையத்தின் பக்கம் சற்றே சாய்த்துப் பொருத்துவார்கள். வேகமாகச் சுழலும்போது திரவத்துக்குக் ‘கீழ்’ என்பது வெளிப்புறமாகிவிடும். குழியின் வெளிச்சுவரே தரையாக மாறும். சாய்வின் காரணமாகக் குழியின் அடிப்பகுதி மையத்திலிருந்து வாயைவிடச் சற்றுத் தொலைவில் இருக்கும். அங்கே ஒரு சிறு பள்ளம் உருவாகும். ரெசின் அந்தப் பள்ளத்தில் படியும், திரவம் வாய் வழியே வெளியே சிதறும். பள்ளத்தின் அளவைச் சாய்வுக் கோணம் தீர்மானிக்கிறது. பானையைச் சாய்த்துப் பருக்கை விழாமல் கஞ்சியை வடிக்கும் கைப்பக்குவம்தான் இது.

இதில் எனக்குப் பிடித்தது சமத்துவம். ஒரு குழி முன்னால் காலியானால் மற்றக் குழிகள் பாதிக்கப்படுவதில்லை. சுழற்சி எல்லாவற்றையும் ஒரேபோல் இழுக்கிறது. அடைத்துக்கொள்ள ஃபிரிட்டும் இல்லை. ஆனால் தட்டுகளின் எடை எதிரெதிரே சமமாக இருக்க வேண்டும், வெளியேறும் கரைப்பானை வாங்கி வடிக்க நல்ல உறை வேண்டும்.

ஃபிரிட் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் கூட்டலாமா?

வேண்டாம். முதலில் காரணத்தைத் தேடுங்கள். இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படும்.

ஒன்று, உடைந்த மணிகள். காந்தத் துண்டு போட்டுக் கலக்குபவர்கள் இதைக் கட்டாயம் சந்திப்பார்கள். 75 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும் மணிகள் காந்தத்துக்கும் ஃபிரிட்டுக்கும் நடுவே அரைபட்டு மாவாகி, துளைகளில் புகுந்துகொள்ளும். குலுக்குவது, ஆட்டுவது, நைட்ரஜன் குமிழி விடுவது ஆகியவையே பாதுகாப்பான வழிகள்.

இரண்டாவது, வீழ்படிவு. பழைய முறைப்படி டி.சி.சி. என்ற டைசைக்ளோஹெக்சைல்கார்போடைஇமைடை இணைப்பானாகப் பயன்படுத்தினால், வினையின் முடிவில் உண்டாகும் யூரியா பொதுவான கரைப்பான்களில் மிகக் குறைவாகவே கரையும். வெள்ளைப் பொடியாக ஃபிரிட்டில் வந்து அமரும். அதற்குப் பதில் டி.ஐ.சி. என்ற டைஐசோபுரொப்பைல்கார்போடைஇமைடைப் பயன்படுத்துங்கள். அதன் யூரியா கரைந்து திரவத்தோடு போய்விடும். தானியங்கி இயந்திரங்களில் டி.ஐ.சி. பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலம் காலியாகிவிட்டது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

பல இயந்திரங்களுக்குத் தெரியாது. நேரத்தை மட்டும் எண்ணும். ‘20 விநாடி வடி’ என்றால் 20 விநாடி வால்வைத் திறந்து மூடும். நல்ல இயந்திரங்களில் வடிகுழாயின் மேல் ஓர் ஒளி உணரி இருக்கும். குழாயில் திரவம் போகிறதா வாயு போகிறதா என்று அது காட்டிக் கொடுக்கும். இருந்தாலும் படுகையில் வாயு வழி துளைத்துக்கொண்டால் உணரியும் ஏமாறும். அதனால் வாயு வரத் தொடங்கியதும் நிறுத்தாமல், மேலும் சில விநாடிகள் ஓடும்படி அமைப்பதே சரி.

டி.என்.ஏ. தொகுக்கும் இயந்திரங்களிலும் இதே கதைதானா?

அடிப்படை ஒன்றுதான், எதிரி வேறு. 1981-ல் போகேஜும் கேருதர்ஸும் வெளியிட்ட பாஸ்ஃபரமிடைட் முறையில், ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜனேற்றத்துக்கு அயோடினும் தண்ணீரும் கலந்த கரைசல் உள்ளே வருகிறது. அடுத்த இணைப்புக்கோ தண்ணீர் கொஞ்சமும் ஆகாது. சுற்றுக்குச் சுற்று தண்ணீரை வேண்டுமென்றே உள்ளே விட்டு, பிறகு அதன் சுவடே இல்லாமல் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானால் கழுவி, ஆர்கானால் ஊதி வெளியேற்ற வேண்டும். நியூக்ளியோடைடு என்ற கண்ணிகள் நூறு கோத்த நீளத்துக்கு, இணைப்பு 99 சதவீதம் என்றால் முழு நீளச் சங்கிலி சுமார் 37 சதவீதம் மிஞ்சும். 98 என்றால் 14-கூட இல்லை. மணியாகப் பயன்படும் நுண்துளைக் கண்ணாடி ஊறிப் பருக்காது என்பது ஒரு வசதி. இங்கே பயன்படும் டிரைட்டைல் என்ற காப்புத் தொகுதி கழலும்போது வடிகுழாய் வழியே ஓடும் ஆரஞ்சு நிறம், கழுவக் கழுவ வெளிறி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். வடிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணுக்கே காட்டும் அந்த நிறத்தை, மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன்.

வடிக்காமலே தொகுக்க வழி வராதா?

வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிராட்லி பென்டெலூட்டின் குழு 2020-ல் வெளியிட்ட முறையில் கலத்தைக் காலி செய்வது என்ற படியே இல்லை. சூடாக்கிய ரெசின் படுகை வழியே திரவம் இடைவிடாமல் ஓடுகிறது. பின்னால் வருவது முன்னால் இருந்ததைத் தள்ளிச் செல்கிறது. 327 தொடர் வினைகளில், 164 அமினோ அமிலங்கள் வரை நீளமான புரதங்களை அப்படித் தொகுத்தார்கள்.

2023-ல் வெளியான இன்னொரு முறை கழுவலையே நீக்கியது. பிப்பெரிடினுக்குப் பதில் 87 டிகிரியில் கொதிக்கும் பைரோலிடினைப் போட்டு, கலத்தைச் சூடாக்கி, திரவத்துக்கு மேலுள்ள இடத்தில் வாயுவை ஓடவிட்டு அதை ஆவியாகவே விரட்டுகிறார்கள். ஆவி மேற்சுவரில் குளிர்ந்து மறுபடி துளியாக இறங்காமல் அந்த வாயுவோட்டம் பார்த்துக்கொள்கிறது. கழிவு 95 சதவீதம் வரை குறைந்தது. வடிகுழாய் வழியே போக வேண்டியதை மேல்வழியாக அனுப்பிய இந்தச் சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வடித்த கழிவை ஒரே பாட்டிலில் சேர்க்கலாமா?

பிப்பெரிடின் காரம்; தொகுப்பு முடிந்ததும் பெப்டைடை மணியிலிருந்து கழற்றப் பயன்படும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் கடுமையான அமிலம். இரண்டும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் சூடேறும். மூடிய பாட்டிலில் டைகுளோரோமீத்தேனும் இருந்தால் அழுத்தம் எகிறும். கட்டாயமாகத் தனித்தனிப் பாட்டில்கள் வையுங்கள். கழிவுப் பாட்டிலின் காற்றுப்போக்கி அடைத்திருந்தாலோ பாட்டில் நிறைந்திருந்தாலோ எதிரழுத்தம் ஏறி வடிப்பு நின்றுவிடும்; ஃபிரிட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

அளவையும் நினைவில் வையுங்கள். சுற்றுக்குப் பத்து வடிப்பு, வடிப்புக்குப் பத்து மி.லி. என்றால் முப்பது அமினோ அமிலங்களுக்கு மூன்று லிட்டர். அதில் பெரும்பகுதி டி.எம்.எஃப். இனப்பெருக்க நலனுக்குக் கேடு விளைவிப்பது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. கையுறை இல்லாமல் கழிவுப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

புது இயந்திரம் வந்திருக்கிறது. வடிப்பை எப்படிச் சோதிப்பது?

தராசு ஒன்று போதும். வெறும் கலத்தையும் உலர்ந்த ரெசினையும் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டி.எம்.எஃப். ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, இயந்திரத்தின் வழக்கமான கட்டளைப்படி வடித்து, மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் எடைதான் தங்கிய திரவம். இதைப் பத்து முறை செய்யுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் அந்த எண்ணை வைத்து மேலே சொன்ன கழுவல் கணக்கைப் போடலாம். பத்தில் ஒரு முறை திடீரென்று எடை எகிறினால் தொகுப்பைத் தொடங்காதீர்கள். வால்வையும் குழாய் இணைப்பையும் கழற்றிப் பாருங்கள். குழித்தட்டு என்றால் இதே சோதனைக்குப் பின் ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பளபளக்கும் குழிகளின் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறையும் அதே குழிகள் பளபளத்தால் அந்தத் தட்டை மாற்றிவிடுங்கள்.